பன்னிரண்டு வந்த சாயங்காலம்

செய்போனே ட்லாபிக்கு இன்று நான்கு ஏரிக்கரை விடுதிகள், மூன்று காசினோக்கள், விடுதிக்கு விடுதி ஆள் ஏற்றிப்போகச் சொந்தப் பேருந்துகள். பேட்டி காண வரும் பத்திரிகைக்காரர்கள் முதலில் கேட்பது, மூலதனம் எங்கிருந்து வந்தது என்றுதான். "சாவு வீட்டுலேர்ந்து" என்பாள். அவர்கள் சிரித்துவிட்டு அதை நகைச்சுவை உணர்ச்சி என்று எழுதிக்கொண்டு போவார்கள். மொக்கோபெங் ஊர்க்காரர்களான எங்களுக்குத் தெரியும், அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அதற்கும் முந்தின மூலதனம் ஒன்று உண்டு. துரத்திய போலீஸ்காரர்களெல்லாம் ஓய்வு பெற்று வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்திலும் அதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

அது ஃபாஃபீ ஆட்டம். முப்பத்தாறு எண்கள், எண்ணுக்கு ஒரு கனவு. யானையைக் கண்டால் இருபத்தொன்று, நெருப்பைக் கண்டால் முப்பத்தொன்று, பன்றிக்கு எட்டு, செத்துப்போன பெண்பிள்ளை கனவில் வந்தால் பன்னிரண்டு. காலையில் எழுந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் முகம் கழுவுவதற்கு முன்னால் வேலியோரம் நின்று கனவு பேசுவார்கள். பாதிரியார் மனைவிகூடப் பேசுவாள், கொஞ்சம் மெதுவான குரலில். பிறகு எண்ணையும் சில்லறையையும் சின்னப் பர்ஸில் போட்டு ஓட்டக்காரியிடம் கொடுப்பார்கள். அவள் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு, யூகலிப்டஸ் மரத்தடியில் பழைய காரில் காத்திருக்கும் சீனர் லியாங்கிடம் கொண்டுபோவாள். லியாங் அன்றைய எண்ணை முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பர்ஸ்கள் கைக்கு வந்த பிறகு சீட்டை எடுத்துக் காட்டுவார். அவ்வளவுதான் ஆட்டம். எண் அவர் பையில் இருக்கிறது, அது நம் கனவில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஒருமுறை லியாங் கடைசி நேரத்தில் சீட்டை மாற்றிவிட்டார் என்று சந்தேகம் வந்தது. பெண்கள் காரின் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, வட்டம் கட்டி உட்கார்ந்து, மனிதர் மன்னிப்புக் கேட்கும்வரை பாட்டுப் பாடினார்கள். சந்தேகம் தீர்ந்ததா என்று தெரியாது. பாட்டு நன்றாக இருந்தது.

செய்போனே பத்தொன்பது வயதில் ஓட்டக்காரி ஆனாள். வேகமாக ஓடுவாள், வாயைத் திறக்கமாட்டாள், அந்த வேலைக்கு வேறென்ன வேண்டும். ஜெயித்தவள் வீடு எவ்வளவு தூரமானாலும் வாசலுக்கே போய்ப் பணத்தைக் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் பையைக் கவிழ்த்துக் காட்டுவாள், பாவாடைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டுவாள். யாரும் கேட்காமலே செய்வாள். அவள் பை கவிழ்த்த வீடுகள்தான் பிற்பாடு அவளைத் தூக்கி நிறுத்தின.

அவள் அம்மா பஸாடி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய காசினோ ஹோட்டலில் துணி வெளுத்தாள். அது வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். கறுப்பர்களான எங்களவர்களுக்குப் பின்வாசல், அதுவும் அனுமதி அட்டை காட்டினால். படுக்கை விரிப்புகளை அலசி, பிழிந்து, பெட்டி போட்டு, நின்றே இருபது வருஷத்தைக் கழித்தவள். சலவை அறைச் சுவருக்கு அப்பால் எண் போட்ட சூதாட்டச் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்குமாம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "அங்க எல்லாரும் நாற்காலில ஒக்காந்துக்கிட்டே ஆடுறாங்களாம்டி." ஃபாஃபீயில் அவளுக்குச் சொந்தக் கனவு கிடையாது. படுத்தால் கட்டைபோலத் தூங்கிவிடுவாள், அலுப்பில் கனவு எங்கே வரும். பக்கத்து வீட்டு மா மொஸிடியின் கனவைக் கடன் வாங்கித்தான் காசு வைப்பாள்.

ஓட்டக்காரிக் கமிஷனைச் சேர்த்து வைத்து செய்போனே முதலில் வாங்கியது ஒரு கூடாரம். நொடித்துப்போன சர்க்கஸ்காரன் ஒருவன் விற்றது. சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக, உச்சியில் வெள்ளி நட்சத்திரம். எங்கள் பக்கம் சனிக்கிழமை என்றால் சவ அடக்கம், சவ அடக்கம் என்றால் ஊரே சாப்பிடும், ஊர் உட்காரக் கூடாரம் வேண்டும். முதல் சாவுக்கு அந்தக் கூடாரத்தை நட்டபோது செத்தவரின் அண்ணன் கோபித்துக்கொண்டார், பேரப்பிள்ளைகள் சந்தோஷத்தில் குதித்தார்கள். அடுத்த வாரம் இரண்டு வீட்டார் நட்சத்திரக் கூடாரம்தான் வேண்டும் என்று வந்து நின்றார்கள். அப்புறம் நாற்காலிகள், அப்புறம் மூன்றுகால் இரும்புப் பானைகள், அப்புறம் வண்டியில் இழுத்துவரும் கழிப்பறைகள். அடக்கத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எங்கே தூங்குவார்கள் என்று யோசித்து நான்கு அறை கட்டினாள். அழுது முடித்தவர்களுக்குக் கொஞ்சம் காற்று வாங்க வேண்டுமே என்று அணைக்கட்டு ஏரிக்கரையில் நிலம் பிடித்தாள். இப்படித்தான் சாவு வீடு விடுதி ஆனது. நீச்சல்குளத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த வருஷம் பஸாடி கண்ணை மூடினாள். நட்சத்திரக் கூடாரத்தில்தான் அடக்கம். மகள் வாங்கிய நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது, பெட்டிக்குள் படுத்திருந்தவளைத் தவிர.

ஆட்சி மாறியது, சட்டம் மாறியது. இனி காசினோ யாருக்கு என்று மாகாண வாரியம் விசாரணை வைத்தது. பெரிய நகரத்துக் கோட்டுக்காரர்கள் படம் போட்டு விளக்கினார்கள். செய்போனேயைப் பார்த்து ஒருவர், சூதாட்டத் தொழிலில் உங்களுக்கு என்ன அனுபவம் என்று கேட்டார். "சட்டத்துக்கு முன்னாடி சொல்லக்கூடிய அனுபவம் எதுவும் இல்லீங்க ஐயா" என்றாள். வாரியத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய அம்மாவும் கனவு காண்கிறவள்தானே. உரிமம் கிடைத்துவிட்டது.

சும்மா கிடைத்துவிடவில்லை. கூடாரம், பானை, விடுதி, ஏரிக்கரை நிலம், எல்லாம் வங்கிக்கு அடமானம் போயிற்று. சக்கரத்தைச் சுற்றவும் கணக்கைப் பார்க்கவும் ஹெனி ஸ்விகர்ஸ் என்கிற மேலாளரை அமர்த்தினாள். பண்ணையில் பிறந்து எங்களோடு கஞ்சி குடித்து வளர்ந்த வெள்ளைக்காரர், எங்களைவிட நன்றாக எங்கள் மொழியில் திட்டுவார். கப்பல் காசினோவில் பத்து வருஷம் இருந்தவர். முதல் நாள் கூட்டம்தான் ஒரு காசினோவின் ஜாதகம் என்பது அவர் கட்சி. திறப்பு விழாவை டிசம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு வைத்தார்கள். சனிக்கிழமை வைத்தால் ஊரில் யாராவது செத்துத் தொலைப்பார்கள்.

அன்றைக்கு ஊரே வந்தது. பாதிரியார் ஜெபித்தார், ஊர்த்தலைவர் தமது தாத்தாவைப் பற்றிப் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். கடைசியில் செய்போனே எழுந்தாள். பேச்சு எழுதி வைத்திருந்தாள். எழுதியதைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வம்பே இல்லை. முன்வரிசையில் மா மொஸிடியையும் பழைய பெண்களையும் பார்த்ததும் மனசு பொங்கிவிட்டது. நேற்று ராத்திரி அம்மா கனவில் வந்தாள் என்றாள். நீலச் சலவை உடுப்போடு, முன்வாசல் வழியாக உள்ளே வந்து, நான் எங்கே உட்காரட்டும் என்று கேட்டாள் என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். கூட்டமும் மூக்கை உறிஞ்சியது. பெண்கள் வரிசை மட்டும் உறிஞ்சவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் போல, விறுவிறுவென்று நடையைக் கட்டினார்கள்.

ஆட்டம் ஆறு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஐந்து மணிக்கு முன்பே எல்லாரும் திரும்பி வந்து கதவடியில் நின்றார்கள். செய்போனே சமையலறையில் மாட்டிறைச்சியை இடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உப்புப் பதம் சொல்லிக்கொண்டிருந்தாள். மா மொஸிடி பின்னால் வந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பஸாடி மகளே, நீ எங்கள மறக்கல. பணம் வந்தா புத்தி மாறிடும்னு சொன்னவ வாயில மண்ணு."

"எத மறக்கல, ம்மா?"

"சரி சரி. நீ ஒண்ணும் சொல்லல, நாங்க ஒண்ணும் கேக்கல. வெளியூர்க்காரி ஒருத்திகிட்டயும் மூச்சு விடல." சால்வைக்குள் அவள் அணைத்திருந்தது ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. அறுபது பெண்கள் மாசாமாசம் போட்டுச் சேர்த்த சீட்டுப் பணம், கிறிஸ்துமஸுக்கு மாவு, சர்க்கரை, எண்ணெய், பிள்ளைகளுக்குப் புதுச்செருப்பு வாங்கப் பங்கு பிரிக்க வேண்டியது.

செய்போனேவுக்கு அப்போதுதான் உறைத்தது. செத்துப்போன பெண்பிள்ளை, பன்னிரண்டு. வீட்டுக்கு உடையவளே மேடையேறிக் கனவு சொல்லியிருக்கிறாள். எண்ணை வைத்திருப்பவர் லியாங்குக்குப் பதிலாக இப்போது செய்போனே, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள். பதினாறு வருஷம் அந்த ஆட்டத்தைத்தான் அவளே அவர்களுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அது வெறும் கனவு, எண் எதுவும் நான் வைத்திருக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். லியாங்கும் இதையேதான் சொல்வான் என்று மொஸிடி கண்ணடித்துவிட்டுப் போனாள்.

ஹெனியிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார், பிறகு முகம் மலர்ந்தது.

"பூஜ்ஜியத்தோட சேத்து முப்பத்தேழு குழி, ம்மா. பன்னெண்டு வந்தா வெச்சதுக்கு முப்பத்தஞ்சு மடங்கு குடுத்து நாம காலி, வங்கிக்காரன் திங்கக்கெழம வந்து கூடாரத்தப் பிடுங்கிடுவான். ஆனா முப்பத்தாறு குழி நம்ம பக்கம். ஊர்ப் பணம் முழுக்க ஒரே சுத்துல உள்ள வந்துடும். பேசாம இருங்க."

"அது மாவுக் காசு, ஹெனி."

"எல்லாக் காசும் யாரோ ஒருத்தரோட மாவுக் காசுதான்."

ஜன்னல் வழியாகக் கதவடியைப் பார்த்தாள். அங்கே நின்ற ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலில் அவள் பை கவிழ்த்த ஒரு நாள் உண்டு. பன்னிரண்டு வராது என்று அறிவித்தால், நிறையப் பேர் கண்டுபிடித்துவிட்டதால் எண்ணை மாற்றிவிட்டாள் என்பார்கள். காற்றுப் பிடுங்க இங்கே கார் கூட இல்லை. ஆட்டத்தை ரத்து செய்தால் முதல் நாளே மூடிய காசினோ என்று பெயர். விட்டுவிட்டால், பெரும்பாலும் அவளுக்கு லாபம். அந்த லாபத்தை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வாயால் சொல்லி இவர்களை நம்பவைக்க முடியாது, கையால் தொட்டால் ஒருவேளை நம்புவார்கள் என்று பட்டது.

வாரியத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் மாட்டு நாக்கு வறுவலில் மும்முரமாக இருந்தார். காசும் இல்லாமல், காசுக்குப் பதில் வைக்கும் வில்லையும் இல்லாமல், ஆறு மணிக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள். காசில்லாவிட்டால் அது வெறும் பொம்மை, என்னமோ செய்துகொள்ளுங்கள் என்றார்.

கதவைத் திறந்து பெண்களை மட்டும் உள்ளே விட்டாள். சக்கரத்தைச் சுற்றி நிற்கவைத்தாள். பிறகு, பட்டுச் சட்டை போட்டிருந்த அந்த முதலாளியம்மா, கைப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சாவிக்கொத்து, கைக்குட்டை, பாதி தின்ற மிட்டாய் விழுந்தன. சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். அந்தச் செய்கைக்கு என்ன அர்த்தம் என்று பெண்களுக்குத் தெரியும்.

"சீட்டு எங்க?" என்றாள் மொஸிடி.

"சீட்டே கெடையாது. நான் ஒரு தடவ உருட்டுறேன், பாருங்க. அப்பறம் நீங்க உருட்டுங்க. காசு யாரும் வெக்கக் கூடாது."

சக்கரத்துக்குள் சின்னப் பந்தை உருட்டினாள். அது ஓடி, குதித்து, தயங்கி, முப்பத்துநான்கில் விழுந்தது. முப்பத்துநான்கு எங்கள் கணக்கில் மலம். அறை சிரிப்பில் அதிர்ந்தது. இந்த மாளிகையில் முதன்முதலில் வந்து உட்கார்ந்த விருந்தாளி அதுதான் என்று இன்றுவரை ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஹெனி சுவரில் முட்டிக்கொண்டார்.

அடுத்து தையல்காரி உருட்டினாள், பூனை வந்தது. பாதிரியார் மனைவி உருட்டினாள், திருடன் வந்தான், அவள் புருஷனைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள். ஒருத்தி உருட்டி பூஜ்ஜியம் விழுந்தபோது, இதற்கு என்ன கனவு என்று பெரிய விவாதமே நடந்தது. கனவே வராத தூக்கம் என்று முடிவானது, அப்படியானால் அது பஸாடியின் எண் என்று சிரித்தார்கள். உருட்டியவள் கையையே ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்த்தார்கள். தங்கள் கையில் எண் எதுவும் இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்தது. முகங்கள் மெதுவாக மாறின. சிலர் சால்வை நுனியில் முடிந்திருந்த பணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக மொஸிடி வந்தாள். டின்னைக் கக்கத்தில் இடுக்கியபடியே, கோழிக்குத் தீனி எறிகிற மாதிரி பந்தை எறிந்தாள். அது நெடுநேரம் ஓடியது. ஓடி, விளிம்பில் ஒரு தரம் மோதி, பன்னிரண்டில் போய் உட்கார்ந்தது.

எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். பச்சைத் துணி வெறிச்சென்று கிடந்தது, ஒரு காசு இல்லை. ஹெனி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார், கூடாரம் பிழைத்ததற்காகவோ என்னவோ.

செய்போனேவுக்குக் காசோ கூடாரமோ ஞாபகத்தில் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"வந்துட்டா" என்றாள் மொஸிடி மெதுவாக. "பஸாடி வந்துட்டா. முன்வாசல் வழியாத்தான் வந்திருப்பா." பிறகு அதட்டினாள்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, நாற்காலி போடுங்கடி அவளுக்கு."

நாற்காலி வந்தது. சக்கரத்துக்கு நேர் எதிரே போட்டார்கள். ஒருத்தி குலவையிட்டாள், அறை முழுக்கக் குலவை தொற்றிக்கொண்டது. வெளியே ஆண்கள், உள்ளே யாருக்கோ பரிசு விழுந்துவிட்டது என்று கதவை இடித்தார்கள். செய்போனே அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

குலவை ஓய்ந்ததும் மொஸிடி மறுபடி சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் லேசில் விடுகிற ஆளில்லை.

"அப்ப இத யாரும் குடுக்கல?"

"யாரும் குடுக்கல."

"நீயும் வெச்சிருக்கல?"

"நானும் வெச்சிருக்கல, ம்மா."

"அப்பறம் உனக்கு எதுக்குடி நாங்க காசு குடுக்கணும்?"

ஹெனி கண்ணை மூடிக்கொண்டார். கப்பலில் பத்து வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி. செய்போனே யோசித்தாள். நியாயமான கேள்விக்கு நியாயமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சக்கரத்துக்குக் குடுக்காதீங்க. சில்லறை மிஞ்சுனா, சிரிக்கணும்னு தோணுனா வெச்சுப் பாருங்க, அவ்வளவுதான். சோறு இருக்கு, பாட்டு இருக்கு, ஏரி இருக்கு. நாள் பூரா யாருக்கும் எழுந்து நிக்காம ஒக்காரலாம். அதுக்குக் குடுங்க."

அன்று ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் ஆடினார்கள். எங்கள் பெண்கள் ஆளுக்கு ஒரு சில்லறை வைத்துக் கத்திவிட்டு, இறைச்சிக்கும் இஞ்சிக் கள்ளுக்கும் போய்விட்டார்கள். கோட்டுக்காரர்கள் நகரத்தில் இதைக் கேள்விப்பட்டு, தன் வாடிக்கைக்குத் தானே குழி வெட்டிய பைத்தியக்காரி என்றார்கள். அவர்கள் காசினோக்களில் இரண்டை இன்று செய்போனே நடத்துகிறாள். அவளுடைய நான்கு விடுதிகளையும் நிரப்புவது சக்கரம் அல்ல. மாகாணம் முழுக்க இருக்கும் பெண்களின் சீட்டுக் குழுக்கள், வருஷக் கடைசியில் பங்கு பிரிக்க, ஒரு நாள் முழுக்க உட்கார, அவளிடம்தான் வருகின்றன. சூதாட்ட முதலாளிகளில் எண்ணைத் தன் பையில் வைத்திருக்காதவள் இவள் ஒருத்திதான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே ஒரு காலி நாற்காலி கிடக்கிறது. இடம் வீணாகிறது என்று ஹெனி வருஷா வருஷம் புகார் சொல்கிறார், வருஷா வருஷம் அவரே அதற்குப் புது உறை தைக்கக் கொடுக்கிறார்.

அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் மா மொஸிடி வரவேற்பு மேஜைக்கு வந்து பிஸ்கட் டின்னை வைத்தாள். மூடியைத் திறந்தாள். கிறிஸ்துமஸ் பங்கு பிரிக்கிற அன்றைக்கு ஏரிக்கரைக் கூடம் வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், நாற்காலி மெத்தை வைத்ததாக இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று கறாராகப் பேரம் பேசினாள். செய்போனே குறைத்தாள். இன்னும் குறை என்றாள். குறைத்தாள்.

"எத்தன பேரு, ம்மா?"

"அறுபது." மொஸிடி காசினோ அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது, உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. "அறுபத்தொண்ணுன்னு எழுதிக்க. காசு வாங்கிக்கிட்டே எழுது, ஓசி வேணாம். அவ முன்வாசல் வழியா வந்தவ."

செய்போனே காசை வாங்கிக்கொண்டு, அறுபத்தொன்று என்று எழுதினாள்.